வியாழக்கிழமை பிரெட்

ஆகஸ்ட் 7, திங்கள்

நேத்ரா என்ன சாப்பிட்டாள், எப்போது சாப்பிட்டாள், சாப்பிட்ட பிறகு எப்படி இருந்தாள். இதை மட்டும் எழுதினால் போதும் என்று டயட்டீஷியன் விஜயகுமாரி மேடம் சொன்னார். "ஒரு நாள் விடாம எழுதுங்க, சின்னது பெருசுன்னு பாக்காதீங்க" என்றார். பம்ப் கம்பெனி டிஸ்பாட்ச் செக்‌ஷனில் பதினொரு வருஷமாக எந்த மோட்டார் எந்த லாரியில் போனது என்பதைத் தவிர வேறு எதையும் எழுதாதவள் நான். கையில் ஒரு நோட்டு கிடைத்தால் சும்மா விடுவேனா?

விஷயம் இது. என் மகளுக்கு ஒன்பது வயது, இருபத்தொரு கிலோ. அவளுக்குக் கோதுமை ஆகாது என்று ஏப்ரலில் கண்டுபிடித்தார்கள். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற சமாசாரம் ஒரு துணுக்கு உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடும், சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாது. மருந்து கிடையாது. கோதுமையை அடியோடு நிறுத்துவதுதான் வைத்தியம். நிறுத்தி நான்கு மாதம் ஆகிறது. ரத்தத்தில் ஒரு எண் பார்க்கிறார்கள், அது பத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஏப்ரலில் நூற்று நாற்பது. ஜூலையில் நூற்றுப் பதினெட்டு. இந்நேரம் பாதியாகியிருக்க வேண்டும், எங்கிருந்தோ கோதுமை உள்ளே போகிறது என்கிறார் டாக்டர்.

எங்கிருந்து என்று எனக்குத் தெரியும். சனி, ஞாயிறு அவள் அப்பா வீட்டில் இருக்கிறாள். தினகரனும் நானும் பிரிந்து மூன்று வருஷம். அவர் மறுபடி கல்யாணம் செய்து ஒன்றரை வருஷம். அந்த வீட்டுக்கும் இதேபோல ஒரு நோட்டு எழுதச் சொல்லியிருக்கிறார் மேடம். அதை எழுதப்போவது தினகரன் இல்லை, அவருக்குத் தன் சட்டை அளவே தெரியாது. புதிதாக வந்தவள்தான் எழுதுவாள். அவள் பெயர் இந்த நோட்டில் வராது.

காலை: இட்லி மூன்று, சாம்பார். மதியம்: கடை பிரெட், உள்ளே உருளைக்கிழங்கு. இரவு: சோறு, ரசம், பீன்ஸ். எட்டு மணிக்கு வயிற்று வலி. மோரில் பெருங்காயம் கலந்து கொடுத்தேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்

சோறு தின்கிற ஜனத்துக்கு பிரெட் எதற்கு என்று என் அக்கா திருப்பூரிலிருந்து போனில் கேட்கிறாள். அவளுக்கென்ன, கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். வகுப்பில் பாதிப் பேர் சாண்ட்விச் கொண்டுவருகிறார்கள். இவளுக்குப் பிறந்தநாள் கேக் கிடையாது, பிஸ்கட் கிடையாது, கேன்டீன் பஃப்ஸ் கிடையாது. பிரெட்டாவது இருக்கட்டும் என்று நான்தான் ஆரம்பித்தேன். அதைப் பார்த்து அந்த வீட்டில் ஒருத்தி ஓவன் வாங்கி, தானே பிரெட் சுட ஆரம்பித்துவிட்டாள். இனி நான் நிறுத்த முடியுமா?

குளூட்டன் இல்லாத பிரெட் பத்துத் துண்டு இருநூற்றுத் தொண்ணூறு ரூபாய். சாதாரண பிரெட் நாற்பத்தைந்து. முதல் மாதம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினேன். பிறகு கண்ணைத் திறந்தேன். சிங்காநல்லூர் சூப்பர் மார்க்கெட்டுக்கு திங்கட்கிழமைதான் பெங்களூரிலிருந்து சரக்கு வருகிறது. விற்காமல் நிற்பதற்கு வியாழன் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே வேலை பார்க்கும் தங்கமணி அக்கா மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவார். அப்புறம் பாதி விலை. தேதி முடிய இன்னும் மூன்று நாள் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் துண்டு துண்டாகப் பிரித்து நடுவே பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் போட்டுவிட்டால் பதினைந்து நாளைக்குக் கவலை இல்லை.

இன்று இரண்டு பாக்கெட் கிடைத்தன. பில் போடும்போது போன் நம்பர் கேட்பார்கள், பாயின்ட் ஏறும். அந்த பாயின்ட் கார்டு கல்யாணமான புதிதில் தினகரன் நம்பரில் எடுத்தது. பிரிந்தபோது பீரோ முதல் குக்கர் வரை பிரித்துக்கொண்டோம், இது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பாயின்டாவது எனக்கு இருக்கட்டும் என்று அதே நம்பரைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மதியம் பிரெட். இரவு தோசை, சாம்பார். வலி இருந்தது, கொஞ்சம்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

ஆறு மணிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். விட்டார்கள் என்றால் அவள்தான், ஸ்கூட்டரில். "அக்கா, இந்த டப்பால ரெண்டு நாளைக்கு பிரெட் இருக்குதுங்க. சோள மாவும் அரிசி மாவும்தான், கோதுமை கிட்டயே போகலைங்க" என்றாள். அக்காவாம். எனக்கும் அவளுக்கும் நான்கு வயதுதான் வித்தியாசம். தலையில் பூ, கையில் மாவுத் தடம்கூட இல்லை. மாவு பிசைகிறவள் நகம் அப்படியா இருக்கும்?

"அம்மா, ஆன்ட்டி பிரெட் பஞ்சு மாதிரி இருக்கும். கடை பிரெட் தொண்டைல மாட்டிக்கும்" என்றாள் நேத்ரா.

அவள் தூங்கிய பிறகு ஒரு துண்டு பிய்த்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. எழுதாமல் விட்டால் மேடத்திடம் பொய் சொன்னதாகிவிடும்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கொடியேற்றிவிட்டு வந்ததும் சுருண்டு படுத்துவிட்டாள். வயிறு உப்புசம், இரண்டு முறை பேதி. நேற்று மதியமும் இன்று காலையும் அந்த டப்பா பிரெட்தான் சாப்பிட்டாள். வேறு என்ன, இட்லியும் சோறும் ரசமும். பிறகு இங்கே எழுத வேறென்ன இருக்கிறது? தினகரனுக்கு ராத்திரி சப்பாத்தி இல்லாமல் கண் மூடாது. அந்த வீட்டுச் சமையல் மேடை முழுக்கக் கோதுமை மாவு பறந்துகொண்டிருக்கும். அதில் நின்று பிரெட் சுட்டால் இப்படித்தான் ஆகும்.

மிச்சத்தைக் குப்பையில் போட்டேன். பெருங்காய மோர், இரண்டு தரம்.

ஆகஸ்ட் 16, புதன்

ஒரு காரியம் செய்தேன், பெருமையாக இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் இரண்டே இரண்டு பாக்கெட் மிச்சமிருந்தன. நாளைக்குள் யாராவது எடுத்துவிடுவார்கள். இரண்டையும் எடுத்து, கடை ஃப்ரீசரிலேயே மலபார் பரோட்டா பாக்கெட்டுகளுக்குப் பின்னால் கடைசி வரிசையில் தள்ளிவிட்டு வந்தேன். கோதுமை இல்லாததைக் கோதுமைக்குப் பின்னால் தேட யாருக்கும் தோன்றாது.

ஆகஸ்ட் 17, வியாழன்

இருந்தன. தங்கமணி அக்கா ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். "இதுக்குக் காலு மொளைச்சிருச்சாட்ட இருக்குதுங்க, அங்கிருந்து இங்க வந்து ஒக்காந்திருக்குது" என்றார். நானும் சிரித்துவைத்தேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

"அங்க ரசம் எப்படி இருந்துச்சு கண்ணு?" என்று தெரிந்தேதான் கேட்டேன். அங்கே ரசத்தில் பெருங்காயம் போடமாட்டாள், அந்த வாசனைக்கு மகாராணிக்குத் தலைவலி வந்துவிடுமாம், நாலு பல் பூண்டைத் தட்டிப் போட்டு ரசம் என்கிறாள் என்று நேத்ரா முன்பே சொல்லியிருக்கிறாள். பெருங்காயம் இல்லாத ரசம்! அதற்குப் பெயர் புளித்தண்ணீர்.

"உன் ரசந்தாம்மா நல்லாருக்கும்" என்றாள். வாரம் முழுக்க என் காதில் விழுந்த ஒரே நல்ல வார்த்தை. இன்று ரசத்துக்கு இன்னொரு சிட்டிகை கூடவே போட்டேன், அடுக்களையே மணத்தது. இரண்டு கரண்டி ஊற்றிச் சாப்பிட்டாள். பிரெட்டில் வேண்டுமானால் அவள் ஜெயிக்கட்டும்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

பள்ளிக்கூடத்திலிருந்து போன். வாந்தி. அரை நாள் லீவு போட்டுக் கூட்டி வந்தேன்.

ஆகஸ்ட் 28, திங்கள்

எனக்கு மெட்ராஸ் ஐ. இரண்டு கண்ணும் செக்கச்செவேல். குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று ஆபீஸில் பயமுறுத்தினார்கள். வேறு வழியில்லாமல் நேத்ராவை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டேன். எட்டு நாள். வலித்த கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன், கண்ணீர் மருந்தால் வருகிறது.

செப்டம்பர் 5, செவ்வாய்

வந்துவிட்டாள். கன்னம் பளபளவென்று இருக்கிறது. ஓடி வந்து கட்டிக்கொண்டபோது கொஞ்சம் கனத்தாள். எடை மிஷினில் நிறுத்தினேன். அரை கிலோ கூட.

எந்தத் தாய்க்கும் இதைப் பார்த்தால் வயிறு குளிர வேண்டும். எனக்கு எரிந்தது. என் வீட்டில் நான்கு மாதம் பாடுபட்டும் ஏறாத எடை, அங்கே எட்டே நாளில். அதற்குமேல் பேச்சுவாக்கில் ஒரு பெயர் வேறு சொன்னாள், அவளை. என்ன பெயர் என்று எழுதமாட்டேன். 'அம்மா' என்று முடிந்தது. சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் காதில் விழாதது மாதிரி துணி மடித்தேன்.

இரவு: சோறு, ரசம், பெருங்காயம் போட்டு வறுத்த வெண்டைக்காய். எல்லாம் அவளுக்குப் பிடித்தது.

செப்டம்பர் 7, வியாழன்

மறுபடியும் வலி, மறுபடியும் உப்புசம். எட்டு நாள் அந்த பிரெட் உடம்பில் சேர்ந்திருக்கிறது, இப்போது வெளியே வருகிறது, வேறென்ன. தினகரனுக்கு போன் செய்து கொட்டிவிட்டேன்.

"ஒரு பக்கம் சப்பாத்தி, இன்னொரு பக்கம் பிரெட்டு. குழந்தை குடலு என்ன ஆகும்? உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க, பெருமைக்கு பிரெட்டு சுட வேண்டாம்னு."

"அவ தனிப் பாத்திரம், தனிக் கரண்டி எல்லாம் வெச்சிருக்கறா கோகி."

"காத்துக்குத் தனி வெச்சிருக்கறாளா?"

கேட்டுவிட்டு போனை வைத்தேன். சந்தோஷமாக இருந்தது.

செப்டம்பர் 14, வியாழன்

நேற்று ஒளித்துவைத்த இரண்டு பாக்கெட்டும் இன்று இல்லை. பரோட்டாவை எல்லாம் எடுத்துக் கீழே வைத்துத் தேடினேன். திரும்பினால் கூடையோடு அவள் நிற்கிறாள். கூடைக்குள் என் பாக்கெட் இரண்டும், மஞ்சள் ஸ்டிக்கரோடு.

"அக்கா, நீங்களுங்களா?"

"அது நான் எடுத்து வெச்சது" என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று உறைத்தது.

"பரோட்டாவுக்குப் பின்னாடி கெடந்துதுங்க. யாரோ மறந்துட்டாங்கன்னு நெனச்சேன்." ஒன்றை எடுத்து என் கூடையில் போட்டாள். "ஆளுக்கு ஒண்ணு வெச்சுக்கலாங்க."

"நீங்கதான் வீட்டுலயே சுடறீங்களே."

"நீங்க சொன்னதுல இருந்து சுடறதில்லைங்க." கீழே பார்த்துக்கொண்டு சொன்னாள். பிறகு, வியாழக்கிழமை பாதி விலை என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொன்னாள். நான் ஒவ்வொரு தடவை பில் போடும்போதும் தினகரன் போனுக்கு மெசேஜ் போகிறதாம். என்ன வாங்கினேன், எவ்வளவு தள்ளுபடி, எல்லாம் அதில் இருக்கும். அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரு வருஷமாக என் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் மிச்சம் பிடித்த ஒவ்வொரு பாக்கெட்டும் அவர்களுக்கு அத்துப்படி.

புருஷன் போனான். சனி ஞாயிறு போனது. இப்போது பரோட்டாவுக்குப் பின்னால் ஒளித்த பிரெட்டும் போனது. இவளிடமிருந்து நான் எதைத்தான் ஒளித்துவைப்பது?

செப்டம்பர் 17, ஞாயிறு

நன்றாக இருக்கிறாள். இரண்டு நாளும் வலி இல்லையாம். அங்கே சாப்பிட்டதும் அந்த பிரெட்தான், அதே பாக்கெட். இங்கே என் ஃப்ரீசரில் இருப்பதன் ஜோடி. அதைப் பற்றி இப்போது யோசிக்க நேரமில்லை, இட்லிக்கு அரைக்க வேண்டும்.

செப்டம்பர் 19, செவ்வாய்

வலி. பெருங்காய மோர்.

செப்டம்பர் 20, புதன்

தினகரன் ஆபீஸுக்கே போன் செய்தார்.

"தேதி முடியப்போற பிரெட்டக் குடுத்துத்தான் மிச்சம் புடிக்கறயா? குழந்தையக் கேட்டா திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் வலி வலின்னே சொல்றா."

"உங்க வீட்டம்மாவும் அதையேதான வாங்குனாங்க?"

"அங்க சாப்பிட்டா அவளுக்கு ஒண்ணும் ஆகறதில்லை. அதான் சொல்றேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, குரலை இறக்கிப் பேசினார். "அக்டோபர் டெஸ்ட்டுல எண்ணு எறங்கலீன்னா, இந்தப் படிப்பு வருஷம் முழுசும் அவ எங்க வீட்டுலயே இருக்கட்டும் கோகி. சண்டைக்குச் சொல்லலை. குழந்தை தேறணும்."

டிஸ்பாட்சில் லாரி நின்றுகொண்டிருந்தது. பழனிக்குப் போக வேண்டிய மோட்டாருக்கு மதுரை என்று சீட்டு எழுதிவிட்டேன்.

அக்டோபர் 5, வியாழன்

நாளை மறுநாள் ஆஸ்பத்திரி. இந்த நோட்டை அப்படியே கொடுக்க முடியாது. மகாராணியும் நகமும் மேடம் படிக்கவா? புது நோட்டு வாங்கிச் சாப்பாட்டை மட்டும் நல்ல கையெழுத்தில் எடுத்து எழுதினேன். இட்லி, சாம்பார், பிரெட், சோறு, ரசம், காய். பெருங்காய மோரை விட்டுவிட்டேன், அது சாப்பாட்டில் சேர்த்தி இல்லை, கைவைத்தியம்தானே.

வியாழக்கிழமையாயிற்றே என்று கடைக்குப் போனேன். தள்ளுபடி இல்லாத புது பாக்கெட்டை முழு விலைக்கு வாங்கினேன். போன் நம்பர் சொல்லவில்லை.

அக்டோபர் 7, சனி

நூற்று முப்பத்தொன்று. ஏறியிருக்கிறது.

மேடம் இரண்டு நோட்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தார். அவள் நோட்டில் அடித்தல் திருத்தல் இல்லை, சாப்பாட்டுக்கு ஒரு கலர், வலிக்கு ஒரு கலர். வலிக்கு வாங்கின சிவப்புப் பேனாவுக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. மேடம் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"அந்த வீட்டுல இருக்கறப்ப நல்லா இருக்கறா. இங்க வந்து ரெண்டாவது நாள் ஆரம்பிக்குது. பிரெட்டு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். அப்ப உங்க வீட்டுல மட்டும் ஏதோ ஒண்ணு இருக்குது கோகிலவாணி. ஒவ்வொரு டப்பாவையும் எடுத்துப் பின்னாடி பொடி எழுத்தப் படிங்க. சாக்குப் போக்கு வேண்டாம்."

முதலில் தீபாவளி வரைக்கும் அங்கே இருக்கட்டும் என்றார் தினகரன். காரிடாரில் நேத்ராவின் பையை அவள் வாங்கிக்கொண்டாள். "தீபாவளி வரைக்கும் போய்ட்டு வர்றேம்மா" என்றாள் நேத்ரா. நான் தலையை ஆட்டினேன். மூன்று பேரும் லிஃப்டில் இறங்கினார்கள். ஒரு குடும்பம்தான், பார்க்கிற யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

அக்டோபர் 9, திங்கள்

சமைக்க ஆள் இல்லாத அடுக்களையில் உட்கார்ந்து எல்லா டப்பாவையும் தரையில் இறக்கினேன். பருப்பு, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், சாம்பார்ப் பொடி. எதிலும் ஒன்றும் இல்லை. என் அடுக்களையில் எப்படி இருக்கும் என்று ஒரு தெம்பு வந்தது. கடைசியாகப் பெருங்காய டப்பா. சுண்டுவிரல் அளவு எழுத்து இருந்திருந்தால் முன்பே படித்திருப்பேன், எறும்பு அளவில் இருந்தது. போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன்.

சேர்மானம்: கோதுமை மாவு, கோந்து, பெருங்காயம்.

முதலில் இருப்பது கோதுமை மாவு.

மூன்று தடவை படித்தேன். பிறகு இந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஆகஸ்ட் 7, வலி, மோரில் பெருங்காயம். ஆகஸ்ட் 15, இரண்டு தரம். ஆகஸ்ட் 20, இன்னொரு சிட்டிகை. என் கையெழுத்து. வலி வந்ததும் அதையே கொடுத்திருக்கிறேன், அதைக் கொடுத்ததும் வலி வந்திருக்கிறது. வாயைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு, என் மகள் டம்ளர் டம்ளராகக் குடித்திருக்கிறாள், அம்மா கொடுத்தால் சரியாகிவிடும் என்று.

பிரெட்டுக்காக வியாழக்கிழமை வியாழக்கிழமையாக அலைந்திருக்கிறேன். அங்கே எதுவும் இல்லை.

அக்டோபர் 10, செவ்வாய்

யாருக்கும் தெரியாது. டப்பாவைக் குப்பையில் போட்டேன். இனி பெருங்காயம் போடாமல் விட்டால் ஜனவரியில் எண் தானாக இறங்கும். பிரெட் கம்பெனியை மாற்றினேன், அதுதான் காரணம் என்று சொல்லலாம். அவள் சுடுவதை நிறுத்தியதும் ஒரு காரணம் என்றுகூடச் சொல்லலாம். தினகரன் நம்புவார். மேடம்கூட நம்பலாம். அவளும் நம்பிவிடுவாள், அதுதான் தொண்டையில் மாட்டுகிறது.

உண்மையைச் சொன்னால்? நீதான் ஆறு மாதமாகக் குழந்தைக்குக் கோதுமை கொடுத்தாய் என்று ஆகிவிடும். வருஷம் முழுக்க அங்கேயே இருக்கட்டும் என்பார் தினகரன்.

அக்டோபர் 11, புதன்

குப்பை வண்டி வருவதற்குள் டப்பாவை எடுத்துத் துடைத்துக் கைப்பையில் வைத்தேன்.

அக்டோபர் 12, வியாழன்

ஆறு மணிக்கு அந்த ஃப்ரீசர் பக்கத்தில் நின்றேன். வருவாள் என்று தெரியும். வந்தாள். அவள் பெயர் சாருலதா.

டப்பாவைக் கையில் கொடுத்தேன். "பின்னாடி படிங்க" என்றேன். கண் அருகே கொண்டுபோய்ப் படித்தாள். முகம் மாறியது. ஆறுதல் சொல்வாள் என்று நினைத்திருந்தேன், அதற்கும் எரிச்சல்படத் தயாராக இருந்தேன். அவள் சொல்லவில்லை.

"ஒரு மாசமா எங்க வீட்டுல கோதுமை மாவே கெடையாதுங்க" என்றாள். "நீங்க போன்ல சொன்ன அன்னைக்கே அவ்வளவு மாவையும் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் குடுத்துட்டேன். ஓவனக் கழுவிக் கழுவி வெச்சேன். எங்கையாலதான் குழந்தைக்கு ஆகாமப் போச்சுன்னு நெனச்சு, அவ சாப்பிடறப்பெல்லாம் எதுத்தாப்புல ஒக்காந்து பயந்துக்கிட்டே இருந்தேன். நீங்க ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, யோசிச்சுச் சொல்லியிருக்கலாங்க அக்கா."

"சொல்லியிருக்கணும்" என்றேன். "தப்பு என் மேலதான். நீ பண்ணுன பிரெட்டு நல்லாருந்துச்சு. நான் தின்னு பாத்துட்டுத்தான் குப்பைல போட்டேன்."

நீ என்று எப்போது மாறினேன் என்று தெரியவில்லை. அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தங்கமணி அக்கா ஸ்டிக்கர் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தார். கடைசியில், "எத்தனை பாக்கெட்டுக்கு ஒட்டட்டுங்க?" என்றார்.

அக்டோபர் 14, சனி

மேடத்திடம் இந்த நோட்டையே கொடுத்தேன், நல்ல கையெழுத்து நோட்டை இல்லை. பெருங்காயம் வருகிற இடத்திலெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டார். சில இடத்தில் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "மத்தத நான் படிக்கலை" என்றார். படித்தார்.

அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் தனியாகக் கிடைக்குமாம். ஆனாலும் அடுத்த டெஸ்ட் வரை எந்தப் பெருங்காயமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அக்டோபர் 15, ஞாயிறு

பெருங்காய விஷயத்தைச் சொன்னேன், தினகரன் நான் பயந்ததைத்தான் சொன்னார். எதற்கும் இந்த வருஷம் இங்கேயே இருக்கட்டும் என்று. அவர் வீட்டு வாசலில் நின்றிருந்தேன், உள்ளே கூப்பிடக்கூட இல்லை. அப்போது சாருலதா அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள்.

"டப்பாவ மாத்துனாப் போதுங்க. அம்மாவ எதுக்கு மாத்தோணும்?" என்று அவரைக் கேட்டாள். "தெரியாமக் குடுத்ததுக்குப் புள்ளையப் புடுங்குவீங்களா? எனக்கு மட்டும் பெருங்காய வாசனை புடிச்சிருந்தா இந்நேரம் நானும் குடுத்திருப்பேன். பையை எடுத்துட்டு வா நேத்ரா."

நேத்ரா பையோடு ஓடி வந்தாள். நான் நன்றி என்று ஏதோ முனகினேன். நான் மட்டும் அவள் இடத்தில் இருந்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பஸ்ஸில் வரும்போது முழுக்க அதுவே குடைந்தது. இதிலும் அவளே ஜெயித்துவிட்டாள்.

ஜனவரி 6, சனி

நாற்பத்திரண்டு. எடை இருபத்து மூன்றரை. டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், பிறகு சாருலதா கையையும்.

ஜனவரி 8, திங்கள்

மேடம் இனி எழுதவேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார். இன்று ஒரு நாள் மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

மதியம் டிபன் பாக்ஸில் சாருலதா சுட்ட பிரெட். ஞாயிற்றுக்கிழமை ஒன்று கொடுத்து அனுப்புகிறாள், நான் அதையும் துண்டு போட்டுப் பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் அடுக்குகிறேன். வியாழக்கிழமை கடைக்குப் போகவேண்டிய வேலை இல்லை. கார்டை என் நம்பருக்கு மாற்றிக்கொண்டேன், பாயின்ட் பூஜ்யத்தில் இருந்து ஆரம்பிக்கிறது.

இரவு ரசம் வைத்தேன். பெருங்காயம் கிடையாது. வேறு என்ன போடுவது என்று யோசித்து, நாலு பல் பூண்டைத் தட்டிப் போட்டேன். தட்டும்போதே கை கொஞ்சம் தயங்கியது. நேத்ரா ஒரு வாய் சாப்பிட்டாள். கண்ணை விரித்தாள்.

"அம்மா! சாரும்மா வைக்கற ரசம் மாதிரியே இருக்குதும்மா."

சொல்லிவிட்டு, போன தடவை மாதிரி நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை. தட்டை நீட்டினாள். எனக்கு அடிவயிற்றில் பழைய எரிச்சல் சுருக்கென்று ஏறியது. ஏறி, அங்கேயே இருந்தது. இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

சோறு, ரசம், கேரட். வயிற்று வலி இல்லை.